கடை அடைக்கும் நேரம்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப தினத்தில், சுயதொழில் செய்யும் குடும்பங்களுக்கான அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் பெரியோர்களே, தாய்மார்களே, சகோதர சகோதரிகளே, பிரியாணி எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

சுயதொழிலுக்கும் குடும்பத்துக்கும் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்று பேசச் சொன்னார்கள். வீட்டில் போய்ச் சொன்னோம். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "இதைப் பேச வேற ஆளே கிடைக்கலையா அவங்களுக்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் பாடம் நடத்த வரவில்லை. நாங்கள் எங்கே தவறினோம், பிறகு எதை மாற்றினோம், எதை இன்னும் மாற்ற முடியவில்லை என்று கணக்குச் சொல்லவே வந்திருக்கிறோம்.

எங்கள் கடையில் அண்ணன் தம்பி இருவர். ஒரே புளோக்கில் இரண்டு வீடு. எனவே பேச்சில் 'நாங்கள்' என்றே வரும். தவறு என்று வரும்போதும் அன்று வேன் ஓட்டியது யார், போன் எடுத்தது யார் என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை. இருவருக்கும் அதில் பங்கு உண்டு.

வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் வற்றல், மசாலாச் சாமான்கள் இவைதான் எங்கள் வியாபாரம். சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறோம். அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து, பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் சரக்கு ஏற்றி, வழியில் ஏதாவது ஒரு பள்ளிவாசலில் சுபுஹு தொழுதுவிட்டு, ஏழு மணிக்குள் கடை கடையாக இறக்க வேண்டும். ஒன்பது மணிக்குத் தேக்காவில் எங்கள் கடை திறக்கும். இரவு அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டுக் கடைக்காரர்கள் தங்கள் கடையை அடைத்துவிட்டு மறுநாள் சரக்கைக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதத் தொடங்குவார்கள். அவர்கள் முடிக்கும்போது பதினொன்றரை, பன்னிரண்டு ஆகிவிடும். இங்கே இருப்பவர்களில் பலருக்கு இது புதிய கதையாக இருக்காது. நாணயமாற்று, ஜவுளி, நகை, சாப்பாட்டுக் கடை என்று பெயர்தான் மாறும்.

முதலில் எங்கள் பாட்டனார் மர்ஹூம் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ரஜூலா கப்பலில் வந்தவர். கிட்டங்கியில் படுத்து, கடையில் நின்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே தனியாக உழைத்தார். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊருக்குப் போவார். நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களின் குடும்பங்களில் பாதிக்கு மேல் இதே வரலாறுதான் இருக்கும். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி எடுத்து அனுப்ப வேண்டும். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாட்டி, எங்கள் அத்தாவைச் சுவரோடு நிற்கவைத்து, தலையிலிருந்து கால்வரை நூல் பிடித்து அளந்து, அந்த நூலைச் சுருட்டிக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புவாராம். பாட்டனார் இங்கே அந்த நூலை நீட்டிப் பார்த்துத் துணி எடுப்பாராம். அப்படி வந்த நூல்களில் இரண்டை அவர் கடைசிவரை கல்லாப் பெட்டியில் வைத்திருந்தார் என்று அத்தா சொல்வார்கள்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது பாவமாக இருந்தது. நமக்கு அந்த நிலை இல்லை, அல்ஹம்துலில்லாஹ், நம் பிள்ளைகள் நம்மோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

2023இல் ஒரு சனிக்கிழமை அந்த நினைப்பு உடைந்தது. எங்கள் வீட்டு மூத்த பெண்பிள்ளை அப்போது தொடக்கநிலை 2 படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பலகை எழுத்து தெரியாமல் கண்ணைச் சுருக்குகிறாள் என்று ஆசிரியர் சொல்லியனுப்பினார். கண் பரிசோதனைக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் கிடைத்தது. அவள் அம்மாவுக்குக் கைக்குழந்தை. நாங்கள்தான் கூட்டிப்போக வேண்டும். சொன்னால் மறந்துவிடுவோம் என்று அவள் அம்மா எங்கள் ஆர்டர் நோட்டிலேயே எழுதிவைத்தார். மேலே ஒரு கடைக்கு வெங்காயம் நான்கு மூட்டை, கீழே இன்னொரு கடைக்கு மிளகாய் வற்றல் இருபது கிலோ. நடுவில் 'பாப்பா கண், 10 மணி'.

அன்று காலை ஒரு கடையில் சரக்குக் குறைந்துபோய்த் திரும்ப ஓட வேண்டியதாயிற்று. பன்னிரண்டு மணிக்குக் கடையில் உட்கார்ந்து, வழக்கம்போல நோட்டை எடுத்து, முடிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தோம். வெங்காயம் நான்கு மூட்டை, அடித்தோம். மிளகாய் இருபது கிலோ, அடித்தோம். நடுவில் இருந்த வரியையும் அடித்தோம்.

வீட்டுக்கு வந்தபோது அவள் அம்மா சண்டை போடவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தார். "எல்லாத்தையும் அடிச்சிருக்கீங்க. இதையும் அடிச்சிருக்கீங்க" என்றார். பிள்ளை காலை ஒன்பதரையிலிருந்து கீழே வாய்டு டெக்கில் காலணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்த்தாளாம். ஆனால் தூரத்திலிருந்து வேன் எது, லோரி எது என்று அவளுக்குத் தெரியாது. கண்தான் தெரியவில்லையே.

அடுத்த நேரம் கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் அவள் பலகை தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்ட அன்று வெளியே வந்து, "அத்தா, மரத்துல இலையெல்லாம் தனித்தனியா இருக்கு" என்றாள். அவள் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் எங்கள் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள் என்பதையும் கவனித்தோம். பாட்டனாருக்காவது நூல் வந்தது. நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு நூலும் இல்லாமல் இருந்திருக்கிறோம்.

இப்படி ஆனதற்கு என்ன காரணம் என்று பிறகு யோசித்தோம். சோம்பல் என்று யாரும் நம்மைச் சொல்ல முடியாது. குடும்பத்தின் மேல் பாசம் இல்லை என்றும் சொல்ல முடியாது. குடும்பத்துக்காகத்தானே ஓடுகிறோம். எங்களுக்குத் தோன்றிய காரணம் ஒன்றுதான். கடையைத் திறக்க நமக்குப் பெரியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அடைக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்கள் காலத்தில் அதைத் தனியாகக் கற்க வேண்டிய தேவையும் இல்லை.

பழைய கடைவீடுகளில் இரும்புக் கதவு கிடையாது. எண் போட்ட மரப்பலகைகள் இருக்கும். இரவானால் ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் செருகி, குறுக்கே கம்பி போட்டால் கடை முடிந்தது. அதன் பிறகு வந்து தட்டுபவர் அவசரக்காரராக இருந்தால்தான் உண்டு. எங்கள் அத்தா சின்ன வயதில் அந்தப் பலகை செருகும் வேலையைத்தான் முதலில் செய்தார்களாம். இன்று நம் கடை சட்டைப்பைக்குள் இருக்கிறது. வாட்ஸ்அப்புக்குப் பலகை கிடையாது. சோற்றில் கை வைக்கும்போதும், பிள்ளை எழுத்து எழுதிக் காட்டும்போதும், தொழுகை விரிப்பைச் சுருட்டுவதற்குள்ளும் கடை திறந்தே இருக்கிறது.

நம் மார்க்கம் வியாபாரத்தைத் தாழ்வாக நினைக்கவில்லை. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வணிகம் செய்தவர்கள். அன்னை கதீஜா ரலியல்லாஹு அன்ஹா அவர்களும் வணிகர். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ அழைப்பு வந்தால் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்கிறது. தொழுது முடித்த பிறகு மீண்டும் தேடிச் செல்ல அனுமதிக்கிறது. அடைப்பதும் திறப்பதும் இரண்டும் அதில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மதியம் டன்லப் தெரு அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்குப் போகும் நேரத்தில் நமக்கு எத்தனை போன் வந்தாலும் எடுப்பதில்லை. வாடிக்கையாளரும் கோபித்துக்கொள்வதில்லை. "ஜும்ஆ நேரம்" என்று அவர்களே தெரிந்து வைத்திருக்கிறார்கள், முஸ்லிம் அல்லாதவர்கள்கூட. அப்படியென்றால் பழக்கினால் பழகுவார்கள் என்றுதானே பொருள்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் சரக்குப் போக்குவரத்துதான் படித்தோம். அங்கே முதலில் சொல்லிக்கொடுத்த விஷயங்களில் ஒன்று 'குளோசிங் டைம்'. கப்பலுக்குச் சரக்குப் பெட்டி வந்து சேர ஒரு கடைசி நேரம் உண்டு. அதற்குப் பிறகு வரும் பெட்டி அடுத்த கப்பலில்தான் போகும். உலகத்துக்கே சரக்கு அனுப்பும் துறைமுகம் இந்த ஊரில் இருக்கிறது. அதற்கே அடைக்கும் நேரம் இருக்கும்போது, நான்கு மூட்டை வெங்காயத்துக்கு இல்லாமல் போனது எங்கள் தவறு.

அதனால் எல்லா வாடிக்கையாளருக்கும் செய்தி அனுப்பினோம். இரவு ஒன்பது மணிக்குள் வரும் ஆர்டர் மறுநாள் காலை வரும். ஒன்பதுக்குப் பிறகு வந்தால் அதற்கடுத்த நாள். அனுப்பும்போது கை நடுங்கியது உண்மை. நாற்பது கடைக்கு மேல் போடுகிறோம். இரண்டு கடைக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். அதில் ஒருவர் நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தார், இன்னொருவர் வரவே இல்லை. அந்த நட்டம் நட்டம்தான், மறைக்கவில்லை. மற்றவர்கள் முதல் இரண்டு வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு எட்டு மணிக்கே ஆர்டர் வரத் தொடங்கியது. தங்களுக்கும் அது வசதியாகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள்.

இந்த இடத்தில் அத்தா சொல்லும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. 1981 டிசம்பர் 31 இரவு, பதினொன்றரை மணியாக இருந்ததை அரசாங்கம் பன்னிரண்டு மணி என்று ஆக்கியது. மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூர்க் கடிகாரமும் 1982 புத்தாண்டில் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். "அன்னைக்கு ஊர் முழுக்க எல்லாக் கடைக்கும் அரை மணி நேரம் காணாமப் போச்சு. எவன் வியாபாரம் நொடிச்சுச்சு?" என்று அத்தா கேட்பார்கள். நாங்கள் ஒன்பது மணி என்று அறிவித்த வாரத்தில் இந்தக் கேள்விதான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது.

இரண்டாவதாக, ஒரு வாரம் முழுக்க எத்தனை மணி நேரம் வேலை செய்கிறோம் என்று எழுதிப் பார்த்தோம். ஆளுக்கு 83 மணி நேரம் வந்தது. மாத லாபத்தை அந்த மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்தால், பகுதிநேர ஆளுக்குக் கொடுக்கும் மணிக்கூலியைவிட எங்கள் கூலி குறைவாக இருந்தது. முதலாளி என்று பெயர்தான். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு முதல் ஆண்டிலேயே குறைந்தது 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் இருக்கிறது. நமக்கு விடுப்புக் கொடுக்க வேண்டிய முதலாளி நாமே. நாம் யாருக்கும் இவ்வளவு கடுமையான முதலாளியாக இருக்க மாட்டோம், நமக்கு மட்டும்தான் இருப்போம்.

ஆகவே பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை வாரத்தில் மூன்று காலை வேன் ஓட்ட வைத்தோம். சேமநிதியோடு சேர்த்து மாதம் 900 வெள்ளி ஆகிறது. அந்த மூன்று நாளும் நாங்கள் மாறி மாறிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறோம். 900 வெள்ளி சின்னத் தொகை இல்லை. வீட்டில் உட்கார்ந்து பேசி, இந்த ஆண்டு ஊருக்குப் போகும் பயணத்தை ஒத்திவைத்துத்தான் அதைச் சமாளித்தோம்.

மூன்றாவது, கணக்கு வழக்கு. நம்மில் பலர் ரசீதை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துவிட்டு, ஏப்ரல் மாதம் வருமான வரிக்கு இரவெல்லாம் விழிப்போம். சுயதொழில் செய்பவரின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கட்டியாக வேண்டும். அதையும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும், யாரும் சம்பளத்தில் பிடித்துக் கட்ட மாட்டார்கள். இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடையில் வியாபாரம் மந்தமான மதிய நேரத்தில் முக்கால் மணி நேரம் அதற்கு ஒதுக்குகிறோம். இந்தக் கணக்கில் பெரும்பகுதியை எங்கள் வீட்டுப் பெண்கள்தான் செய்கிறார்கள். முன்பு அதை 'உதவி' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 83 மணி நேரம் என்று எங்கள் வேலையை எண்ணியபோது, அவர்கள் வேலையை எண்ணவே இல்லை என்பது அவர்கள் சொன்ன பிறகுதான் உறைத்தது. வேலையை எண்ணினால் எல்லாருடைய வேலையையும் எண்ண வேண்டும்.

நான்காவது, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மஃரிபு ஏழு மணியை ஒட்டியே வருகிறது. இஷாவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அல்லாஹ் நமக்கு மாறாத அட்டவணையையே கொடுத்திருக்கிறான், நாம்தான் தனியாக நேர நிர்வாகப் புத்தகம் தேடுகிறோம். அந்த நேரத்தில் எங்களில் ஒருவர் கட்டாயம் வீட்டில் இருப்பார். போன் குளிர்பதனப் பெட்டிக்கு மேலே இருக்கும். பிள்ளைகள் ஓதுவதைக் கேட்போம், வீட்டுப்பாடம் பார்ப்போம், சும்மா இருப்போம். சும்மா இருப்பது முதலில் கஷ்டமாக இருந்தது. மேலே போன் அதிரும்போது கை தானாக எழும். சின்னவன், "அத்தா, அது வெங்காயம், அழுவாது, விடுங்க" என்றான். அதற்குப் பிறகு கொஞ்சம் சுலபமாயிற்று.

ஐந்தாவது, அந்த நோட்டு. இப்போதும் ஒரே நோட்டுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த வாரத்துக்கான குடும்ப வேலைகளை முதலில் எழுதிவிட்டுத்தான் ஆர்டர் எழுதுகிறோம். குடும்ப வரியை அடிக்கும் உரிமை எங்களுக்குக் கிடையாது. யாருக்காக எழுதியதோ, அந்தப் பிள்ளையோ அம்மாவோதான் கோடு போட வேண்டும்.

இதையெல்லாம் சொன்னதால் எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நோன்பு மாதத்தில் ஆர்டர் கூடும், ஒன்பது மணிக் கணக்கு உடையும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, எங்கே சரக்குக் கிடைக்கும் என்று நள்ளிரவுவரை போனில்தான் இருந்தோம். அப்படிப்பட்ட வாரங்களை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுகிறோம், முடிந்ததும் இரண்டு நாள் திருப்பிக் கொடுக்கிறோம். கடனை எழுதிவைத்துத் திருப்பித் தருவது வியாபாரிக்குத் தெரியாததா? தனியாளாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இங்கே இருக்கிறார்கள். வாடகைக்கே உழைக்கும் மாதங்கள் அவர்களுக்கு உண்டு. "ஆள் வையுங்கள்" என்று அவர்களிடம் சொல்வது எளிது. அவர்களால் வாரத்தில் ஒரு மஃரிபு நேரம்தான் முடியும் என்றால், அந்த ஒன்றை அடைத்த கடையாக வைத்துக்கொள்ளட்டும். ஒன்று இருந்தால் பிள்ளை அதை எதிர்பார்த்திருக்கும்.

பிள்ளை எதிர்பார்க்கும் என்பதை நாங்கள் கொவிட் காலத்தில் பார்த்தோம். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 18 வரை சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. எங்கள் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. ஏப்ரல் 24இல் நோன்பு தொடங்கியது. முப்பது நாளும் வீட்டில் ஒன்றாக நோன்பு திறந்து, வீட்டிலேயே தராவீஹ் தொழுதோம். கையில் காசு இல்லாத கவலை எங்களுக்கு. பெண்பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. எல்லாம் திறந்து, நாங்கள் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள், "அத்தா, கடை மறுபடியும் எப்ப மூடும்?" என்று கேட்டாள். அன்று அதைச் சிரித்துக்கொண்டே மற்றவர்களிடம் சொன்னோம். அவள் கேட்டது என்ன என்று புரிய எங்களுக்கு மூன்று ஆண்டு ஆயிற்று.

பெரியோர்களே, இந்தச் சங்கம் ஐம்பது ஆண்டு நிற்கிறது என்றால், கடையை அடைத்துவிட்டு வந்து கூட்டம் போட்டவர்களால்தான் நிற்கிறது. எட்டு மணிக் கூட்டம் ஒன்பது மணிக்குத் தொடங்கியிருக்கலாம், அதைப் பற்றி இன்று பேச வேண்டாம். குடும்பம் கடல் தாண்டி இருந்த காலத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் குடும்பமாக இருந்தார்கள். அவர்கள் பிரிந்திருந்து சேர்த்த பணத்தில்தான் நாம் இன்று சேர்ந்திருக்கிறோம். அந்தச் சேர்க்கையை நாம் வீணாக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் சமையலறைக் கதவு நிலையில் இப்போது பென்சில் கோடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பெருநாள் காலையிலும் பிள்ளைகளை நிற்கவைத்துக் கோடு போடுகிறோம், பக்கத்தில் தேதி எழுதுகிறோம். அத்தா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கையால் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தார்கள்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு முன்பே போனை மேலே வைத்துவிட்டுத்தான் வந்தோம். அல்லாஹ் நம் வியாபாரத்திலும், நம் நேரத்திலும், நம் பிள்ளைகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.